கோட்டுக்கு இரண்டு எட்டு பின்னால்

ஜூன் 4

காலை ஐந்தே முக்கால். மைதானத்தில் ஏழு சுற்று. பக்கவாட்டு ஓட்டம் பத்து முறை என்று திட்டம். ஆறோடு நிறுத்திக்கொண்டேன். வெயில்.

இடது முட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன்டி நொண்டுற?"

"செருப்பு கடிக்குது."

"ஷூ போட்டுல்ல போன?"

குளிக்கப் போய்விட்டேன்.


ஜூன் 5

நூலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்கிறேன் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், தத்துவத்துல எம்.ஏ. படிச்சிட்டு கொடி பிடிக்கிறீங்களாமே?"

"ஆமா."

"பந்து வெளிய போனா தூக்கணும். அம்புட்டுத்தானே?"

அம்புட்டுத்தான் என்றேன். அங்கே விளக்க முடியவில்லை. இங்கே விளக்கிப் பார்க்கிறேன்.

கால்பந்து மைதானத்தில் எல்லாரும் பந்தைப் பார்க்கிறார்கள். உதவி நடுவர் பார்ப்பது வேறொன்றை: தற்காக்கும் அணியின் கடைசிக்கு முந்தைய ஆள். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். அவளுக்கு முந்தையவள் நிற்கும் இடத்திலிருந்து மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு போகிறது. சுண்ணாம்பில் போடாத கோடு. அவள் நகர்ந்தால் அதுவும் நகரும். பந்து உதைபடும் கணத்தில் தாக்கும் அணிக்காரி அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. தாண்டினாளா இல்லையா என்பதைச் சொல்ல நான் அந்தக் கோட்டின் நுனியில் இருக்க வேண்டும். அவள் ஓடினால் நானும் ஓட வேண்டும். முகம் மைதானத்தை விட்டுத் திரும்பக்கூடாது. ஆகவே நண்டு மாதிரி பக்கவாட்டில். அதுவும் மைதானத்தின் ஒரு பாதியில் மட்டும்; மறு பாதிக்கு எதிர் ஓரத்தில் இன்னொரு உதவி நடுவர்.

நண்டு ஓட்டத்தில் முழு எடையும் முட்டியின் உட்பக்கம் விழும். இது பொதுத்தகவல்.


ஜூன் 6

மாநில அளவிலான பெண்கள் போட்டி இந்த முறை எங்கள் ஊரில். மூன்று ஆட்டங்கள் எனக்கு. மதிப்பீட்டாளர் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதோடு ஜூலையில் உடற்தகுதித் தேர்வு. இரண்டும் சேர்ந்தால் மாநில நடுவர் பட்டியல். ஏழு வருடமாக மாவட்டப் பட்டியலில் இருக்கிறேன்.

மாலையில் கட்டுப்போடும் கிரேப் பட்டை வாங்கினேன். நம் தெரு மருந்துக் கடையில் அல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அம்மாவுக்கு என்றேன்.


ஜூன் 9, ஞாயிறு

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், தேனிக்கும் சேலத்துக்கும். காலை ஏழு மணி. மாலையில் இறுதி ஆட்டம் இருப்பதால் இதைப் பார்க்க முப்பது பேர்கூட இல்லை. பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மைய நடுவர் மகமாயி அக்கா. அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். இறங்குவதற்கு முன் எப்போதும் செய்வதைச் செய்தோம்: மூன்று நடுவர்களும் பந்தின் மேல் கை வைக்க வேண்டும்.

"மூணு பேருக்கும் ஒரே கண்ணு. என்னாங்கடி?"

"ஒரே கண்ணு."

தேனியின் பதினோராம் எண் என் கோட்டருகே காலை உதறிக்கொண்டிருந்தாள். சுருளீஸ்வரி. சுருளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கம்பத்துப் பக்கம். ஐந்து வருடமாக அவள் ஓட்டத்தைக் கோட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். உதைக்கும் காலைப் பார்க்க மாட்டாள். உதைப்பவளின் தோளைப் பார்ப்பாள். தோள் இறங்கும்போது இவள் கிளம்பியிருப்பாள்.

"யக்கா, எந்தப் பாதியில நாங்க உங்க பக்கம் அடிக்கிறோம்?"

"ரெண்டாவது."

"அப்ப ரெண்டாவது பாதியிலதான் கோல். மூணாம் எடம் வந்தாதான் சர்டிபிகேட்டாம். நாலாம் எடத்துக்கு டாட்டா காட்டி அனுப்பிருவாங்களாம்."

"எதுக்கு சர்டிபிகேட்?"

"ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குக்கா. ஆகஸ்டு பதினாலு கடேசி. அதுக்கப்புறம் எனக்கு வயசு தாண்டிரும்."

ஆட்டக்காரர்களோடு பேசக்கூடாது. தள்ளிப் போய் வலையைச் சரிபார்த்தேன்.

அறுபத்தேழாவது நிமிடம் அவள் கோல் போட்டாள். கொடி தூக்கினேன். ஆஃப்சைடு. விசில்.

என்னிடம் ஓடி வந்தாள்.

"நான் கோட்டுக்குப் பின்னாடிதான் இருந்தேன்! அங்கிட்டுக் கடேசியில ஒருத்தி நின்னா, பாக்கலயா? கண்ணு எங்க வெச்சிருந்த நீ?"

மஞ்சள் அட்டை. அதுவரை அக்கா, நீங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நீ.

காலரியிலிருந்து ஒருவர்: "ஏ லைனு! ஓடச் சொன்னா கோலம் போட்டுக்கிட்டிருக்க!"

எண்பத்து நான்காவது நிமிடம் சேலம் ஒரு கோல். முடிந்தது. தேனி நான்காம் இடம்.

வரும் வழியில் கறிவேப்பிலை, அரைக் கிலோ தக்காளி.


ஜூன் 10

சரியான முடிவு.


ஜூன் 11

மகமாயி அக்கா போன். அறிக்கைப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: சர்ச்சைக்குரிய முடிவின்போது உதவி நடுவர் கோட்டில் இருந்தாரா?

"ஆமான்னு போட்டுட்டேன். நின்னேல்ல?"

"நின்னேங்க்கா."

"அப்பறம் என்னா. சாப்பிட்டியா?"

மதிப்பீட்டாளர் நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கிறாராம். நான் கொடி தூக்கியபோது அவர் டீ வாங்க எழுந்து போயிருந்தார். இது நான் பார்த்தது. பந்தைப் பார்க்காத கண்ணுக்கு இப்படிச் சிலது தெரியும்.


ஜூன் 13

குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி நான்கு குடம். மூன்றாவது குடத்தோடு படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சிந்தியது.

முடிவு என்பது ஒரு நொடி. அதற்குள் சந்தேகம் நுழையக்கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். பிறகு நுழைவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.


ஜூன் 15

மகமாயி அக்கா ஒரு வீடியோ அனுப்பினாள். காலரியில் இருந்த அவளுடைய அண்ணன் மகள் எடுத்தது. இருபத்து மூன்று நொடி. கீழே: "பாத்துட்டு அழிச்சிரு."

பார்த்தேன். பதினொரு முறை.

சுருளி என் பக்கம். சேலத்தின் கடைசிக்கு முந்தையவள் மைதானத்தின் அந்தக் கோடியில், பெனால்டி கட்டத்தின் சுண்ணாம்புக் கோட்டில் ஒரு கால் வைத்து நிற்கிறாள். பந்து உதைபடுகிறது. சுருளி சுண்ணாம்புக் கோட்டுக்கு இப்புறம். ஒரு முழங்கை அளவு இருக்கும்.

படத்தின் ஓரத்தில் மஞ்சள் சட்டையில் ஒருத்தி. கையில் கொடி. அதே சுண்ணாம்புக் கோட்டை ஓரம் வரை நீட்டினால் அவள் அதில் இல்லை. பின்னால் இருக்கிறாள். இடது காலை இழுத்துக்கொண்டு வருகிறாள்.

செல்போன் கோணம் ஏமாற்றும்.


ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மைதானத்துக்குப் போனேன். யாருமில்லை. போட்டிக்குப் போட்ட சுண்ணாம்பு இன்னும் அழியவில்லை.

தூரத்துக் கோடியில், பெனால்டி கட்டத்தின் கோட்டில், ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தேன். அது சேலத்துக்காரி. என் பக்கத்தில், கோட்டுக்கு ஒரு முழங்கை இப்புறம், இன்னொரு பாட்டில். அது சுருளி. கோட்டின் நுனியில் போய் நின்று பார்த்தேன். சுருளி பின்னால் இருந்தாள். சந்தேகமே இல்லை.

பிறகு ஓரக்கோட்டிலேயே நடுக்கோட்டுப் பக்கமாக இரண்டு எட்டு பின்னால் வந்தேன்.

பாட்டில் நகர்ந்துவிட்டது. பாட்டில் நகரவில்லை. ஆனால் தூரத்துப் பாட்டிலை நோக்கி என் பார்வை இப்போது சாய்வாகப் போகிறது. அந்தச் சாய்வுக்குக் கிட்டத்துப் பாட்டில் முன்னால் இருக்கிறது. தெளிவாக, ஒரு அடிக்கு மேல் முன்னால். நூறு முறை கேட்டாலும் நூறு முறை கொடி தூக்குவேன்.

ஆக, நான் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னேன்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.


ஜூன் 22

மகமாயி அக்காவைப் பேருந்து நிலைய டீக்கடையில் பார்த்தேன். வடையைப் பிட்டு, பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"அழிச்சிட்டியா?"

"ம்."

"என் போன்லயும் இல்ல. அண்ணன் மகட்டயும் சொல்லிட்டேன்."

"எழுதிக் குடுத்துரலாமாக்கா? சங்கத்துக்கு."

"எழுதுனா ரிசல்ட்டு மாறுமா? கெடப்புல போடுவாங்க. உன் பேரு மட்டும் வெளிய வரும், கூட என் பேரும். நம்மள நாமளே காட்டிக் குடுத்துக்கிட்டா நாளைக்கு விசில் ஊத எவ வருவா? ஏற்கனவே பொம்பள ரெஃபரின்னா பல்ல இளிக்கிறானுக." பிறகு குரலைத் தணித்தாள். "ஏன்டி ஜெனோவா, நீ ஏன் பின்னாடி நின்ன?"

"வெயிலு கண்ணுல அடிச்சுச்சுக்கா."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காலைல எட்டரைக்கு நீ மேற்க பாத்துல்ல நின்ன."

நான் வடையைச் சாப்பிட்டேன். அவள் மேலே கேட்கவில்லை.


ஜூலை 5

ஒரு ஊசி. தெரியாத டாக்டர். "கல்யாண வீட்டுக்குப் போகணும், டாக்டர், ரெண்டு நாள் நிக்கணும்" என்றேன்.


ஜூலை 6

முப்பது மீட்டர் ஐந்து முறை. பக்கவாட்டு ஓட்டம். இடைவெளி ஓட்டம் பத்து சுற்று. தேர்ச்சி.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன், ஏணியிலிருந்து இறங்குவதுபோல. கண்டக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.


ஜூலை 14

நேற்று நடந்தது. நேற்று எழுத முடியவில்லை.

மதியம் நூலகத்துக்கு ஒரு பெண் வந்திருப்பதாகப் பையன் சொன்னான். சுருளி. மஞ்சள் சுடிதார், தலையில் பூ, தோளில் பை. மைதானத்துக்கு வெளியே அவளை நான் பார்த்ததில்லை. சின்னவளாகத் தெரிந்தாள். மேசை மேல் ஒரு பையை வைத்தாள். பன்னீர் திராட்சை.

"எங்க தோட்டம் இல்லக்கா. நான் பறிக்கப் போற தோட்டம். முதலாளி கேட்டா காக்கா கொத்திருச்சுன்னு சொல்லிக்கிருவேன்."

வாசிப்பு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மின்விசிறி ஒன்று சத்தம் போட்டது.

"திட்ட வரலக்கா. பயப்படாதீங்க."

"பயப்படல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க கோச் சார் சொன்னாரு, லைன்ல நின்ன ரெஃபரி தப்புன்னு எழுதிக் குடுத்தா சங்கத்துல பேசிப் பாக்கலாமாம். முந்தி ஒரு தடவ மூணாம் எடத்த ரெண்டு டீமுக்கும் பிரிச்சுக் குடுத்திருக்காங்களாம். அப்படிக் குடுத்தா எனக்கு அந்தப் பேப்பர் கெடைக்கும். ஆகஸ்டு பதினாலுக்குள்ள."

திராட்சைப் பையை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

"ஆனா நீங்க சரின்னா சரிதான். அதுக்காகப் பொய்யா எழுதச் சொல்ல மாட்டேன். கோட்டுல நின்னீங்களாக்கா? நின்னேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிர்றேன். மூணு மணி பஸ்ஸு இருக்கு."

ஒருவர் வந்து அகராதி எந்த அலமாரியில் என்று கேட்டார். எழுந்து போய்க் காட்டினேன். மெதுவாகத்தான் நடந்தேன், சீராக. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"நின்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு முறை. அழவில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி அமர்வதைப் பார்த்தேன். அது நிம்மதி என்று இப்போது தோன்றுகிறது.

"அப்ப நான்தான் முந்திட்டேன். அவசரம். சர்டிபிகேட்டு சர்டிபிகேட்டுன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதான்." கையைப் பிடித்தாள். "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

"இல்ல."

"திராட்சய கழுவிட்டுத் தின்னுங்க. மருந்து அடிச்சிருப்பாங்க."

கழுவினேன். பையனுக்குக் கொடுத்தேன். நான் தின்னவில்லை.


ஜூலை 21

கடிதம். "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு." தேதி. கீழே நான்கு வரி. கிழித்தேன்.


ஜூலை 30

மறுபடியும். இந்த முறை இரண்டு வரி. உறைக்குள் வைத்து ஒட்டினேன். பையில் கிடக்கிறது.

அம்மாவுக்கு முப்பது நைட்டி அவசரமாம். பட்டன் தைத்துக் கொடுத்தேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை நல்ல வேலை.


ஆகஸ்ட் 9

மாநிலப் பட்டியல் வந்துவிட்டது. பதினான்காவது பெயர் என்னுடையது.

மகமாயி அக்கா போனில் கத்தினாள். "ஏ மாநிலம்! டிரீட்டு எப்ப?"

அம்மா பக்கத்து வீடுகளுக்குக் கேசரி கொடுத்தாள்.


ஆகஸ்ட் 12

உறை பையில்தான் இருக்கிறது. தபால் நிலையத்தை இரண்டு முறை கடந்தேன்.


ஆகஸ்ட் 14

அலமாரி எட்டிலும் ஒன்பதிலும் தூசி தட்டினோம். அட்டை கிழிந்த புத்தகங்கள் பதினேழு. மாலை ஐந்தே முக்காலுக்குப் பூட்டினோம்.


ஆகஸ்ட் 15

உறையைப் பிரித்தேன். தேதி பழையதாகிவிட்டது.


செப்டம்பர் 2

படியில் விழுந்தேன். நூலகத்தில். எழ முடியவில்லை. பையன் ஆட்டோ பிடித்தான்.

ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் வைத்தார்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. எப்பலருந்து வலி?"

"இப்பத்தான் டாக்டர். சமீபத்துல."

"பழைய கிழிசல் இது. மாசக் கணக்குல ஆகியிருக்கும்."

அம்மா பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஜூலையில பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடக்காரரு என்னய நிப்பாட்டி, 'முட்டி எப்படிம்மா இருக்கு, பட்ட கட்டுறீங்களா'ன்னு விசாரிச்சாரு. நான் முழிச்சேன். அப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா செருப்பும்ப."


செப்டம்பர் 3

மார்ச் 17. கல்லூரிப் போட்டி. திரும்பும்போது முட்டிக்குள் ஒரு சத்தம். அன்றிலிருந்து.

எழுதிவிட்டேன்.


செப்டம்பர் 19

கிழிசல் பெரிதில்லை, அறுவை வேண்டாம் என்கிறார்கள். தினமும் பயிற்சி. தொடைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அழுத்தி, பத்து எண்ண வேண்டும். சொன்னபடி செய்கிறேன். இவ்வளவு எளிதாகச் சரியாகும் என்றால் மார்ச்சிலேயே சரியாகியிருக்கும். ஒரு பருவம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.


அக்டோபர் 13

டாக்டர் அனுமதித்தார். தேனியில் உள்ளூர் லீக். சின்ன ஆட்டம்தான். முட்டி சொன்னபடி கேட்டது. கடைசிக்கு முந்தையவளோடு ஒட்டிக்கொண்டே ஓடினேன். ஒரு முறைகூடப் பின்தங்கவில்லை.

சுருளியின் கிளப் முதல் பாதியில் என் பக்கம் அடித்தது. கையசைத்தாள். சிரித்தாள்.

பிறகு பார்த்தேன்.

தோழி பந்தை எடுக்கிறாள். தோள் இறங்குகிறது. சுருளி கிளம்பவில்லை. பந்து காலை விட்டுப் போன பிறகு, தடுப்பாட்டக்காரி திரும்பிய பிறகு, கிளம்புகிறாள். அரை நொடி இருக்கும். பந்து கோல்கீப்பர் கைக்குப் போய்விட்டது. மறுபடியும் அதே. மறுபடியும். அவளுடைய பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்தினார்: "சுருளி! கால்ல என்னா கல்லக் கட்டியா வெச்சிருக்க? வயசாயிருச்சா?"

வயசாகவில்லை. அவள் வேகம் அப்படியேதான் இருக்கிறது. அவள் காத்திருக்கிறாள். காலரியிலிருந்து பார்த்தால் தெரியாது. பயிற்சியாளர் நிற்கும் இடத்திலிருந்தும் தெரியாது. கோட்டின் நுனியில் நின்றால் மட்டுமே தெரியும். அங்கே நான் மட்டுமே நின்றேன்.

முதல் பாதி முழுவதும் நான் கொடி தூக்க வேண்டி வரவில்லை.


அக்டோபர் 21

காலையில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன். ஜூன் 9-ஆம் தேதி அறுபத்தேழாவது நிமிடம் நான் கோட்டில் இல்லை, இரண்டு எட்டு பின்னால் இருந்தேன், காயத்தை மறைத்து ஓடினேன், கோல் சரியானது, மைய நடுவரிடம் நான்தான் தவறாகச் சொன்னேன், பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். ரசீதை வாங்கி மடித்து வைத்தேன். யாருக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை என்பது தெரியும். நாள் கடந்து இரண்டு மாதம் ஆகிறது.

இனி நேற்று.

அதே மைதானம், அதே கிளப். லேசான தூறல். முதல் பாதியில் சுருளி எதிர்ப்பக்கம் அடித்தாள். தூரத்தில் பதினொன்று என்ற எண் மட்டும் தெரிந்தது. இடைவேளையில் அவள் தனியாகத் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரர்களோடு பேசக்கூடாது. போனேன்.

"என்னக்கா, நனஞ்சுட்டீங்க?"

"சுருளி, அன்னைக்கு நான் கோட்டுல இல்ல."

அவள் வாயில் தண்ணீர் இருந்தது.

"ரெண்டு எட்டு பின்னாடி இருந்தேன். நீ முந்தல. சரியாத்தான் ஓடுன. அது கோலு."

கொப்பளித்துத் துப்பினாள். துப்பட்டாவைத் தேடுவதுபோல் தோளில் கை வைத்தாள். ஜெர்சிதான் இருந்தது. அதன் ஓரத்தால் வாயைத் துடைத்தாள்.

"எப்பத் தெரியும்?"

"அடுத்த வாரமே."

"நான் திராட்ச கொண்டுக்கிட்டு வந்தப்ப?"

"தெரியும்."

"ஓ."

ஆட்டக்காரர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ தோலால் அடித்துச் சிரித்தார்கள்.

"ஏன் பின்னாடி நின்னீங்க?"

"முட்டி கிழிஞ்சிருந்துச்சு. சொல்லல. சொன்னா உக்கார வெச்சிருவாங்க. மாநிலப் பட்டியலு."

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"சரி. ஒருத்தராச்சும் வந்தோமே." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "யக்கா, நீங்க நின்னேன்னு சொன்ன அன்னைக்கு பஸ்ல வாரப்ப மனசு லேசாயிருச்சு தெரியுமா? தப்பு என்னோடதுன்னா திருத்திக்கிறலாம்ல. ஊருல போயி மறுநாளே ஆரம்பிச்சேன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, தம்பிய உதைக்கச் சொல்லி, லேட்டா ஓடிப் பழகுனேன். மூணு மாசம். காலு கேக்கவே கேக்காது. லேட்டா ஓடிப் பழகுறது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வாரம் பாத்தேன்."

"பாத்தீங்க. அப்பயும் சொல்லல."

"கடிதம் எழுதிட்டேன். நாளைக்குப் போடுறேன். எல்லாத்தயும் எழுதியிருக்கேன்."

"போடுங்க. நல்லாருக்கும்." குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. "என் தப்புன்னு நெனச்சு மனச ஆத்திக்கிட்டேன்க்கா. இப்ப எத நெனச்சு ஆத்துறது? நீங்களே சொல்லுங்க. படிச்சிருக்கீங்கள்ல."

நான் குனிந்து அந்த முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். விசில் ஊதப் போறாங்க. போய் உங்க எடத்துல நில்லுங்க."

பயிற்சியாளர் கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். வயிற்றைக் காட்டினாள். அவர் கையை வீசித் திட்டினார். மாற்று ஆட்டக்காரிக்கு மாதவிலக்கு வலியாம், மரத்தடியில் படுத்திருந்தாள். பத்துப் பேரோடு இறங்கினார்கள். சுருளி வெறுங்காலோடு ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள், காலணி இரண்டையும் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு. திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் அவளுடைய அணி என் பக்கம் அடித்தது. முன்னால் ஆள் இல்லாததால் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே நின்றார்கள். கடைசிக்கு முந்தையவள் முன்னால் வந்தாள், வந்தேன். பின்னால் போனாள், போனேன். நாற்பத்தைந்து நிமிடமும் கோட்டை விட்டு அரை எட்டு நகரவில்லை.

ஓடி வர யாருமில்லை.